கெட்-ஆர்-கிரியேட் போட்டும் ஒரே பால் இரண்டு தடவை ஏறுகிறது

#1 வேலந்தாவளம்_பையன் (செவ்வாய், இரவு 9:40)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு பால் சங்கத்துக்கு வெப் அப்ளிகேஷன் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஜாங்கோ (பைத்தான் மொழியின் வெப் கட்டமைப்பு), போஸ்ட்கிரெஸ் (டேட்டாபேஸ்). மாடு வைத்திருப்பவர்கள் காலையும் மாலையும் வந்து பால் ஊற்றுவார்கள். லிட்டர், கொழுப்பு, எஸ்.என்.எஃப். (கொழுப்பு தவிர்த்த திடப்பொருள்) மூன்றையும் எழுத்தர் டேப்லெட்டில் போட்டுச் சேமித்தால் சீட்டு வரும். அவ்வளவுதான் வேலை.

மாதத்தில் சில நாள் ஒரே ஆளின் பால் இரண்டு ரெக்கார்டாக ஏறிவிடுகிறது. பத்து நாள் பட்டுவாடா வரும்போதுதான் தெரிகிறது. போன தடவை ஒரு பாட்டிக்கு 8 லிட்டர் பணம் கூடுதலாகப் போய்விட்டது. அவரே கொண்டுவந்து திருப்பிக் கொடுத்தார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நான் வெறும் கிரியேட் போடவில்லை. கெட்-ஆர்-கிரியேட்தான் போட்டிருக்கிறேன். இருந்தால் எடு, இல்லாவிட்டால் உருவாக்கு என்றுதானே அர்த்தம்? அப்புறம் எப்படி இரண்டு வருகிறது?

இன்னொன்று. சங்கம் இருக்கிற இடத்தில் சிக்னல் ஒரு நிமிஷம் கேரளா டவர், மறு நிமிஷம் தமிழ்நாடு டவர். அதனால் இருக்குமோ?

#2 சும்மா_பார்ப்பவன் (செவ்வாய், இரவு 9:52)

எனக்கும் இதே பிரச்சினை. விடை கிடைத்தால் சொல்லுங்கள்.

#3 களியக்காவிளை_ஜங்ஷன் (செவ்வாய், இரவு 10:05)

மக்கா, எழுத்தர் பட்டனை இரண்டு தடவை அமுக்குகிறார். முதல் தடவை அமுக்கியதும் பட்டனைச் செயலிழக்க வைத்துவிடு. வேலை முடிந்தது.

#4 குமுளி_மலை (செவ்வாய், இரவு 10:20)

பட்டனை முடக்குவது நல்ல பழக்கம்தான், ஆனால் அது மருந்து இல்லை. கோரிக்கை சர்வருக்குப் போய்ச் சேர்ந்து, ரெக்கார்டும் ஏறி, பதில் திரும்பி வருகிற வழியில் சிக்னல் போனால்? டேப்லெட்டுக்கு ‘தோல்வி’ என்றுதான் தெரியும். அது திரும்ப அனுப்பும். அதில் யாரும் எதையும் இரண்டு தடவை அமுக்கவில்லை.

தம்பி, கெட்-ஆர்-கிரியேட்டுக்குள் எதையெல்லாம் போட்டிருக்கிறாய்? அந்த வரியை அப்படியே சொல்.

#5 வேலந்தாவளம்_பையன் (செவ்வாய், இரவு 10:31)

உறுப்பினர் எண், தேதி, வேளை, லிட்டர், கொழுப்பு, எஸ்.என்.எஃப்., பதிவு நேரம். பதிவு நேரத்துக்கு ‘இப்போது’ என்று கொடுத்திருக்கிறேன் அண்ணா.

#6 குமுளி_மலை (செவ்வாய், இரவு 10:44)

அகப்பட்டது முதல் ஓட்டை.

அந்த அடைப்புக்குள் நேரடியாகப் போடுகிற எல்லாமே தேடுவதற்கான நிபந்தனை. ‘இந்த உறுப்பினர், இந்தத் தேதி, இந்த வேளை, இதே லிட்டர், இதே கொழுப்பு, இதே நொடியில் பதிவானது இருக்கிறதா?’ என்று கேட்கிறாய். நொடிக்கு நொடி நேரம் மாறுகிறதே, எப்படி இருக்கும்? ஒவ்வொரு தடவையும் ‘இல்லை’ என்று பதில் வந்து புதிதாக ஒன்று பிறக்கும். பேருக்குத்தான் அது கெட்-ஆர்-கிரியேட். நீ ஓட்டிக்கொண்டிருப்பது வெறும் கிரியேட், அதுவும் வீணாக ஒரு தேடலைச் சுமந்துகொண்டு.

தேடுவதற்கு வேண்டியதை மட்டும் வெளியே வை: உறுப்பினர், தேதி, வேளை. லிட்டர், கொழுப்பு, எஸ்.என்.எஃப்., நேரம் எல்லாம் ‘டிஃபால்ட்ஸ்’ என்ற பெயரில் கொடுக்கிற அகராதிக்குள் போகட்டும். அவை தேடலில் கலக்காது, புதிதாக உருவாக்கும்போது மட்டும் சேரும்.

#7 வேலந்தாவளம்_பையன் (செவ்வாய், இரவு 10:50)

அடடா. மாற்றிவிட்டேன் அண்ணா. கையால் இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தேன், ஒன்றுதான் ஏறுகிறது. நன்றி! இழையை மூடிவிடலாமா?

#8 குமுளி_மலை (செவ்வாய், இரவு 10:58)

மூடாதே. உன் டேபிளில் யூனிக் இண்டெக்ஸ் (ஒரே மதிப்பு இரண்டு தடவை ஏறாமல் டேட்டாபேஸே தடுக்கிற ஏற்பாடு) இருக்கிறதா?

#9 வேலந்தாவளம்_பையன் (செவ்வாய், இரவு 11:02)

இல்லை. கெட்-ஆர்-கிரியேட்தான் பார்த்துக்கொள்கிறதே?

#10 பாலாறு_கரை (புதன், காலை 7:15)

இந்த நம்பிக்கையில்தான் ஊரே ஓடிக்கொண்டிருக்கிறது :)

நான் ரெயில்ஸ்காரன் (ரூபி மொழியின் வெப் கட்டமைப்பு), வாணியம்பாடிக்கும் குப்பத்துக்கும் நடுவில் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். எங்கள் பக்கத்தில் இதற்குப் பெயர் ஃபைண்ட்-ஆர்-கிரியேட்-பை. உள்ளே நடப்பது ஒன்றுதான்: முதலில் ஒரு செலக்ட் (தேடல்), கிடைக்காவிட்டால் ஒரு இன்செர்ட் (எழுதுதல்). இரண்டும் தனித்தனி வேலைகள். நடுவில் சிறிய இடைவெளி உண்டு. அ என்கிற கோரிக்கை தேடி ‘இல்லை’ என்று தெரிந்துகொள்கிறது. அது எழுதி முடிப்பதற்குள் ஆ என்கிற கோரிக்கையும் தேடி ‘இல்லை’ என்று தெரிந்துகொள்கிறது. இரண்டும் எழுதும். பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடித்த கதைதான். சீட்டு காலியா என்று இரண்டு பேர் இரண்டு ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்து, இரண்டு பேரும் துண்டு போட்டால் சண்டை வராமல் என்ன செய்யும்? யாருக்குச் சீட்டு என்று சொல்ல ஒரு கண்டக்டர் வேண்டும். டேட்டாபேஸில் அந்தக் கண்டக்டர் யூனிக் இண்டெக்ஸ்.

ரெயில்ஸ் 6.0-இல், அதாவது 2019-இல், கிரியேட்-ஆர்-ஃபைண்ட்-பை என்று தலைகீழாக ஒன்று கொண்டுவந்தார்கள். முதலில் எழுதிப் பார், யூனிக் இண்டெக்ஸ் தடுத்தால் பழையதை எடுத்துக்கொடு. இண்டெக்ஸ் இல்லாவிட்டால் இது கண்ணை மூடிக்கொண்டு எழுதிக்கொண்டே போகும், அதையும் சொல்லிவிடுகிறேன். 2023-இல் வந்த 7.1-இல் பழைய ஃபைண்ட்-ஆர்-கிரியேட்-பையே திருந்திவிட்டது: எழுதும்போது யூனிக் தடை வந்தால் இன்னொரு தடவை தேடிப் பார்க்கும்.

#11 குமுளி_மலை (புதன், காலை 8:02)

ஜாங்கோவும் அதைத்தான் செய்கிறது. தேடும், இல்லாவிட்டால் ஒரு சேவ்பாயின்ட் (தவறினால் திரும்பி வருவதற்கான புள்ளி) போட்டு எழுதிப் பார்க்கும், யூனிக் தடை வந்தால் சேவ்பாயின்ட் வரை பின்வாங்கி மறுபடி தேடும். போஸ்ட்கிரெஸில் அந்தச் சேவ்பாயின்ட் கட்டாயம். டிரான்சாக்ஷனுக்குள் (ஒன்றாக முடிய வேண்டிய கட்டளைத் தொகுப்பு) ஒரு கட்டளை தவறினால் அதற்கு அப்புறம் வருகிற எதையும் அது காதில் வாங்காது, பின்வாங்கினால்தான் பேசும்.

ஆனால் இந்த ஏற்பாடு முழுவதும் ‘டேட்டாபேஸ் தடுக்கும்’ என்ற ஒற்றைக் காலில் நிற்கிறது. ஜாங்கோ ஆவணத்திலேயே, டேட்டாபேஸ் யூனிக் என்று காவல் இருந்தால்தான் இது பாதுகாப்பு என்று போட்டிருக்கிறார்கள். பலர் அந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நானும் ஒரு காலத்தில் தாண்டியவன்தான், ஏலக்காய் லாட் கணக்கில் மாட்டினேன், அது பெரிய கதை.

#12 களியக்காவிளை_ஜங்ஷன் (புதன், காலை 9:30)

சரி, பட்டன் யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் இண்டெக்ஸ் எதற்கு? பைத்தானில் ஒரு லாக் (பூட்டு) போட்டால் போதாதா? ஒரு ஆள் உள்ளே இருக்கும்போது மற்றவர் வெளியே நிற்கட்டும்.

#13 குமுளி_மலை (புதன், காலை 9:41)

தம்பியின் சர்வரில் எத்தனை வொர்க்கர் (கோரிக்கைகளைக் கவனிக்கிற தனித்தனிப் பிரதி) ஓடுகிறது என்று கேளுங்கள். ஒவ்வொரு வொர்க்கரும் தனி வீடு. ஒரு வீட்டின் உள் தாழ்ப்பாள் பக்கத்து வீட்டுக்காரனை என்ன செய்யும்?

#14 வேலந்தாவளம்_பையன் (புதன், காலை 9:48)

மூன்று வொர்க்கர்.

#15 களியக்காவிளை_ஜங்ஷன் (புதன், காலை 10:10)

சரி சரி, விட்டுவிட்டேன். லாராவெல் (பி.எச்.பி. மொழியின் வெப் கட்டமைப்பு) பக்கமும் இதே கதைதான் என்று இப்போதுதான் தேடிப் பார்த்தேன். ஃபர்ஸ்ட்-ஆர்-கிரியேட் ரொம்ப நாளாக இருக்கிறது. கிரியேட்-ஆர்-ஃபர்ஸ்ட் 2023-இல் வந்திருக்கிறது. நான்தான் கவனிக்கவில்லை.

#16 கறவை_கணக்கு (புதன், மதியம் 1:25)

நான் புரோகிராம் எழுதுகிறவள் இல்லை. சித்தூர் தாலுகாவில் வேறொரு சங்கத்தில் பதினெட்டு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். தம்பி மகன் இந்த இழையைக் காட்டினான். ஒன்று மட்டும் கேட்கிறேன்.

உறுப்பினர், தேதி, வேளை மூன்றும் ஒன்றாக இருந்தால் ஒரே பால் என்று யார் சொன்னது? எங்களிடம் ஒருவர் பசும்பாலும் எருமைப்பாலும் தனித்தனிக் கேனில் கொண்டுவருவார். இரண்டுக்கும் விலை வேறு. இன்னொருவர் ஆறு மணிக்கு ஒரு கேன் ஊற்றிவிட்டுப் போவார், ஏழு மணிக்கு மகன் மிச்சத்தைக் கொண்டுவருவான். நோட்டில் ஒரே பேருக்கு இரண்டு வரி எழுதுவோம். உங்கள் இண்டெக்ஸ் வந்தால் இரண்டாவது கேனுக்கு என்ன வழி?

#17 குமுளி_மலை (புதன், மதியம் 1:50)

அக்கா, நாங்கள் ஒரு நாள் முழுக்கப் பேசி விட்டதை ஒரே கேள்வியில் பிடித்துவிட்டீர்கள்.

தம்பி, இதைக் கவனி. ‘அதே ரெக்கார்டு’ என்பதற்கு இங்கே இரண்டு அர்த்தம் இருக்கிறது. ‘அதே பால்’ என்பது ஒன்று. ‘அதே கோரிக்கை இன்னொரு தடவை வந்திருக்கிறது’ என்பது மற்றொன்று. உன் வியாதி இரண்டாவது. நீ மருந்து கொடுக்கப் போவது முதலாவதுக்கு.

எழுத்தர் சேமி என்று அமுக்குகிற கணத்தில் டேப்லெட்டே ஒரு யூயூஐடி (வேறெதற்கும் வராத தனி எண்) உண்டாக்கட்டும். அந்தப் பதிவு சர்வருக்கு எத்தனை தடவை போனாலும் அதே எண்ணோடு போகட்டும். யூனிக் இண்டெக்ஸை அந்த எண்ணின் மேல் போடு. மகன் கொண்டுவருகிற இரண்டாவது கேனுக்குப் புது எண், தடை இல்லை. சிக்னல் போய்த் திரும்ப வருகிற கோரிக்கைக்குப் பழைய எண், தடை உண்டு.

#18 பாலாறு_கரை (புதன், மாலை 4:12)

அக்கா சொன்னதற்கு நேர் எதிரான விபத்து ஒன்று நான் பார்த்திருக்கிறேன். ஒரு லாரி புக்கிங் ஆபீசுக்கு எழுதிய சாஃப்ட்வேர். ஊர்ப் பெயர் டேபிளில் பெயரை மட்டும் யூனிக் ஆக்கியிருந்தார்கள். மதனப்பள்ளியிலிருந்து தக்காளி லோடு, போகிற இடம் சித்தூர். ஃபைண்ட்-ஆர்-கிரியேட் சமர்த்தாக ஏற்கெனவே இருந்த சித்தூரை எடுத்துக் கொடுத்தது. அது எங்கள் ஆந்திரா சித்தூர். லோடு போக வேண்டியது உங்கள் பாலக்காட்டுச் சித்தூர். வாடகை பக்கத்து ஊருக்குப் போட்டு பில் வந்தது. டிரைவர் பார்த்துவிட்டுச் சிரித்தார், முதலாளி சிரிக்கவில்லை.

யூனிக் குறைந்தால் இரட்டிப்பு வரும், மிஞ்சினால் இரண்டு ஊர் ஒன்றாகிவிடும். மாநிலம், மாவட்டம், பெயர் மூன்றையும் சேர்த்து யூனிக் ஆக்கிச் சரிசெய்தோம்.

#19 களியக்காவிளை_ஜங்ஷன் (புதன், மாலை 4:40)

கொல்லங்கோடும் அப்படித்தான். எங்கள் குமரி மாவட்டத்தில் ஒன்று, பாலக்காட்டில் ஒன்று.

பெயரை வைத்துத் தேடுகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. மலையாளத்தில் எழுதிய பெயரில் சில்லு எழுத்துகள் (உயிர் சேராத தனி மெய்கள்) இரண்டு விதமாக வரும். 2008-இல் வந்த யூனிகோட் 5.1-க்கு முன்னால் மெய்யும் சந்திரக்கலையும் (நம் புள்ளி மாதிரி) கண்ணுக்குத் தெரியாத இணைப்பானும் சேர்த்து எழுதினார்கள், அப்புறம் தனி எழுத்தாகவே கொடுத்துவிட்டார்கள். திரையில் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும், டேட்டாபேஸுக்கு இரண்டும் வேறு. யூனிகோட் இயல்பாக்கம் (ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீடுகளை ஒன்றாக்குவது) செய்தாலும் இவை ஒன்றாகாது, நாமே மாற்றித்தான் சேமிக்க வேண்டும். தமிழில் ‘கொ’ மாதிரி எழுத்துகளிலும் கொம்பையும் காலையும் தனித்தனியாக அடித்தவர்கள் உண்டு. அது மட்டும் இயல்பாக்கத்தில் சரியாகிவிடும்.

பட்டன் யோசனை சொன்ன பாவத்துக்கு இது பிராயச்சித்தம்.

#20 வேலந்தாவளம்_பையன் (வியாழன், இரவு 8:15)

டேப்லெட் ஆப்பில் யூயூஐடி சேர்க்க ஒரு வாரம் ஆகும், அது இன்னொருவர் எழுதியது. அதுவரை உறுப்பினர், தேதி, வேளை, பால் வகை, கேன் எண் ஐந்தையும் சேர்த்து யூனிக் இண்டெக்ஸ் போடலாம் என்று பார்த்தேன். கேன் எண் தானாக 1, இரண்டாவது கேன் வந்தால் எழுத்தர் 2 என்று மாற்றுவார்.

இண்டெக்ஸ் ஏற மறுக்கிறது. ஏற்கெனவே இரட்டிப்பு இருக்கிறதாம். கூடவே, செவ்வாய்க்கிழமை செய்த மாற்றத்துக்கு அப்புறம் சில பழைய தேதிகளைத் தொட்டால் ‘ஒன்றுக்கு மேல் கிடைத்தது’ என்று பிழை வேறு விழுகிறது.

#21 குமுளி_மலை (வியாழன், இரவு 8:40)

இரண்டும் ஒரே காரணம்தான். கெட் என்பது ஒன்றை எதிர்பார்க்கும், இரண்டு கண்டால் கத்தும். கத்துவது நல்லது.

முதலில் பழைய இரட்டிப்புகளைக் களைய வேண்டும். ஸ்கிரிப்ட் எழுதி மொத்தமாக அழித்துவிடாதே, உள்ளே அக்கா சொன்ன மாதிரி உண்மையான இரண்டாவது கேனும் இருக்கும். லிட்டர், கொழுப்பு, எஸ்.என்.எஃப். மூன்றும் புள்ளி மாறாமல் ஒன்றாக இருந்து, இரண்டு நிமிஷத்துக்குள் ஏறியிருந்தால் அது இரட்டிப்பு. மற்றவற்றை ஒரு தாளில் அச்செடுத்து எழுத்தரிடம் கொடு. பணம் சம்பந்தப்பட்டது, அழிக்காமல் ‘ரத்து’ என்று குறி போட்டு, ரத்தானவற்றை விட்டுவிட்டுப் பகுதி இண்டெக்ஸ் போடு. போஸ்ட்கிரெஸில் நிபந்தனையோடு இண்டெக்ஸ் போட முடியும். கெட்-ஆர்-கிரியேட்டும் ரத்தாகாதவற்றில் மட்டும் தேடட்டும், மறந்துவிடாதே.

#22 கறவை_கணக்கு (வியாழன், இரவு 9:05)

தாளில் கொடுங்கள் தம்பி. யார் இரண்டு கேன் கொண்டுவருகிறவர் என்று எழுத்தருக்கு முகம் பார்த்தே தெரியும்.

#23 வேலந்தாவளம்_பையன் (அடுத்த திங்கள், காலை 10:20)

அண்ணா, இண்டெக்ஸ் ஏறிவிட்டது, இரட்டிப்பு நின்றுவிட்டது. ஆனால் இப்போது பால் காணாமல் போகிறது!

இன்று காலை அதே பாட்டி வந்து சீட்டைக் காட்டினார். ‘நேற்று எழுதிய 7.2 லிட்டரே இன்றைக்கும் இருக்கிறது, நான் இன்றைக்கு 6.8 அல்லவா ஊற்றினேன்’ என்கிறார். டேட்டாபேஸில் இன்றைய ரெக்கார்டே இல்லை. சில பேருக்கு மட்டும் இப்படி. சீக்கிரம் வருகிறவர்களுக்கு மட்டும்.

#24 பாலாறு_கரை (திங்கள், காலை 10:33)

சீக்கிரம் என்றால் எத்தனை மணி? ஐந்தரைக்கு முன்பா?

#25 வேலந்தாவளம்_பையன் (திங்கள், காலை 10:36)

ஆமாம்!! எப்படித் தெரியும்?

#26 பாலாறு_கரை (திங்கள், காலை 10:51)

இந்திய நேரம் யூடிசியைவிட (உலகப் பொது நேரம்) 5 மணி 30 நிமிஷம் முன்னால் ஓடுகிறது. நமக்குக் காலை 5:30 ஆகும்போதுதான் யூடிசியில் நள்ளிரவு 12. அதாவது உன் சர்வருக்குத் தேதி மாறுவது பால் வரிசை பாதி நகர்ந்த பிறகு.

பாட்டி நேற்று 5:40-க்கு வந்திருப்பார், நேற்றைய தேதி சரியாக விழுந்திருக்கும். இன்று 5:20-க்கு வந்தார். சர்வரைக் கேட்டால் இன்னும் நேற்றுதான். உறுப்பினர் அதே, தேதி அதே, வேளை காலை, கேன் 1. கெட்-ஆர்-கிரியேட் நேற்றைய ரெக்கார்டைத் தேடிப் பிடித்து, இந்தாருங்கள் என்று மரியாதையாகக் கொடுத்துவிட்டது. இன்றைய 6.8 லிட்டர் டிஃபால்ட்ஸ் அகராதிக்குள்ளேயே கிடந்து மறைந்துபோனது.

#27 குமுளி_மலை (திங்கள், காலை 11:05)

சபாஷ். முன்பும் இந்தத் தேதிப் பிழை இருந்திருக்கும், பதிவு நேரத்தைத் தேடலில் கலந்ததால் வெளியே தெரியவில்லை. ஒரு ஓட்டை இன்னொரு ஓட்டையை மூடிக்கொண்டு இருந்திருக்கிறது.

தேதியை ‘நவ்’-இலிருந்து வெட்டி எடுக்காதே, அது யூடிசி தேதி தரும். ஜாங்கோவில் லோக்கல்டேட் என்று தனியாக இருக்கிறது, அமைப்பில் நேர மண்டலத்தை ஏசியா/கொல்கத்தா என்று வைத்துவிட்டு அதைக் கூப்பிடு. இன்னும் நல்லது, பால் ஊற்றிய தேதியை டேப்லெட்டே அனுப்பட்டும். சிக்னல் இல்லாமல் மதியம் வந்து சேர்ந்தாலும் தேதி மாறாது.

இன்னொன்றும் கேட்கிறேன். கெட்-ஆர்-கிரியேட் இரண்டு பொருள் திருப்பித் தருமே, ரெக்கார்டு ஒன்று, ‘புதிதாக உருவாக்கினேனா’ என்கிற ஆம்-இல்லை ஒன்று. அந்த இரண்டாவதை என்ன செய்கிறாய்?

#28 வேலந்தாவளம்_பையன் (திங்கள், காலை 11:09)

அடிக்கோடு போட்டு, பார்க்காமல் விட்டுவிட்டேன்...

#29 குமுளி_மலை (திங்கள், காலை 11:20)

எல்லோரும் செய்வதுதான். இனிமேல் அதைப் பார். ‘புதிதல்ல’ என்று வந்து, லிட்டரும் கொழுப்பும் பழையதோடு ஒத்துப்போனால் அது திரும்ப வந்த கோரிக்கை, பழைய சீட்டையே கொடு. ஒத்துப்போகாவிட்டால் பிழை சொல்லி நிறுத்து, எழுத்தர் முடிவு செய்யட்டும்.

#30 சும்மா_பார்ப்பவன் (திங்கள், காலை 11:31)

அப்டேட்-ஆர்-கிரியேட் (இருந்தால் திருத்து, இல்லாவிட்டால் உருவாக்கு) போட்டால் புதிய லிட்டர் ஏறியிருக்குமே?

#31 கறவை_கணக்கு (திங்கள், மதியம் 12:15)

ஏறியிருக்கும், நேற்றைய 7.2 அழிந்திருக்கும். பாட்டிக்கு ஒரு நாள் பால் அப்போதும் போச்சு, அதைக் காட்டப் பழைய சீட்டும் நோட்டில் இருக்காது. கணக்கு நோட்டில் எழுதியதை அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவோம். அழி ரப்பர் சங்கத்துக்குள் வரவே கூடாது.

#32 வேலந்தாவளம்_பையன் (மறு வாரம் சனி, காலை 7:48)

தேதியும் யூயூஐடியும் இப்போது டேப்லெட்டிலிருந்தே வருகின்றன. ஐந்து விஷயம் சேர்ந்த இண்டெக்ஸை எடுத்துவிட்டு யூயூஐடி மேல் மட்டும் வைத்திருக்கிறேன். கேன் எண் சீட்டில் அச்சிட மட்டும். விட்டுப்போன காலைப் பால்களை எழுத்தர் தன் கை நோட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார், பாட்டியின் 6.8 லிட்டர் உட்பட ஏற்றியாகிவிட்டது.

இன்று காலை 5:26-க்கு ஒரு கோரிக்கை, சிக்னல் போய் 5:31-க்கு அதே எண்ணோடு திரும்ப வந்தது. சர்வர் பதிவேட்டில் பார்த்தேன். ஒரே ரெக்கார்டு, இன்றைய தேதி. ஆனால் சீட்டு மட்டும் இரண்டு அச்சாகியிருக்கிறது. பிரிண்டருக்குத் தனி இழை தொடங்குகிறேன்.